கணக்கில் ஏறிய கல்யாணம்

பீடோங், கெடா.
புரட்டாசி, இரண்டாம் சனிக்கிழமை காலை.

பின்லாந்து தேசத்துப் பனிக்கரடிகள் எல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் பெருமைக்குரிய ஆராய்ச்சியாளர், என் அன்பு மகள் காஞ்சனாவுக்கு, பீடோங் வட்டாரத்துக் கூடாரச் சக்கரவர்த்தியும் பத்தாயிரம் பிளாஸ்டிக் நாற்காலிகளின் ஏகபோக அதிபதியுமான (பூஜ்யங்களைக் கொஞ்சம் குறைத்துப் படித்துக்கொள்) உன் சித்தப்பா பழனியாண்டி எழுதிக்கொள்வது. இந்த ராஜ்யத்தில் அனைவரும் நலம், உன் அம்மாவின் முட்டி ஒன்று மட்டும் தனிக் கட்சி நடத்துகிறது, அங்கே உன் உடம்பு, உன் தூக்கம், போன மாதம் போனில் அடைத்துக்கொண்டிருந்த உன் மூக்கு ஆகிய மூன்றும் சமாதானமாக இருக்கின்றனவா என்று உடனே தெரிவிக்கவும். இங்கே மழை பிடித்துக்கொண்டது, பிடித்தது என்றால் சாதாரணப் பிடி இல்லை, பாசார்ச் சந்தைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளில் போனவனை ஒரு மீன் முந்திக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. இந்த வெயில் தேசத்தில் அதைப் போட்டுக்கொண்டு அரை நிமிடம் நின்றேன், கால் அவிந்தே போய்விட்டது, இப்போது அதற்குள் சாவிக்கொத்தைப் போட்டு வைத்திருக்கிறேன், தப்பாக நினைக்காதே, அன்பாகத்தான்.

போனில் பேசினால் தீர்கிற காரியத்துக்கு இந்தக் கிழவன் ஏன் தபால்தலை ஒட்டுகிறான் என்று நீ கேட்பாய். அந்தப் போன் இப்போது நம்முடையதாக இல்லை அம்மா. அதில் எது பேசினாலும் உன் ஆய்வுக் கணக்கில் எங்கோ ஒரு பச்சைக் கோடு ஏறுவதாகவும் சிவப்புக் கோடு இறங்குவதாகவும் எனக்கு ஒரு பயம் பிடித்திருக்கிறது, உன் பேராசிரியர் என் இருமலைக்கூட எண்ணிக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது. உன் அப்பா இருந்திருந்தால் இதை அவர் எழுதியிருப்பார், ஒரே வரியில் முடித்தும் இருப்பார். எனக்கு அந்தத் திறமை இல்லை, அதனால் நீ டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி. விஷயம் உன் ஒப்பந்தத் தாள்தான். சேவையும் டிஜிட்டல்மயமும் வணிக மதிப்பு உருவாக்கமும் என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கிறாயே, கோயிலில் அர்ச்சனை செய்வதுபோல் நான் தினமும் ஒரு தரம் சொல்லிப் பார்க்கிறேன், அந்த ஆய்வுக்கு நம் கடையை இன்னும் மூன்று வருடம் கொடுக்கச் சொல்லும் தாள். அது வந்து வெகு நாளாகப் பிள்ளையார் படத்துக்குக் கீழே படுத்திருக்கிறது. நீ இரண்டு தரம் கேட்டுவிட்டாய். உன் விசா உன் வேலையில் கட்டியிருக்கிறது, உன் வேலை அந்த ஆய்வில் கட்டியிருக்கிறது, அந்த ஆய்வு என் கையெழுத்தில் கட்டியிருக்கிறது என்று நீ சொன்னபோது, கூடாரத்துக்குக் கயிறு கட்டுகிறவன் நான், எனக்குப் புரியாமலா போகும்? ஒரு முடிச்சை அவிழ்த்தால் மொத்தமும் சரிந்து தலையில் விழும். கையெழுத்துப் போட முடியாமலும், போடாமல் இருக்க முடியாமலும் நான் ஏன் தவிக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். உன் ஆய்வுக்கான செயலியை நீ போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாய், கூடாரம் வேண்டும் என்று யாராவது கேட்டால் அது டிங் என்று அடிக்கும், உடனே அமுக்க வேண்டும், அமுக்கத் தாமதமானால் நம் கடை வரிசையில் கீழே போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனாய். என் கண் பார்வை உனக்குத் தெரியும், அதனால் அமுக்குகிற பதவி அண்ணிக்குப் போயிற்று. அன்றிலிருந்து பிரேமாவதி அம்மையார் குளிப்பதென்றாலும் போன் பிளாஸ்டிக் பையில் சுற்றப்பட்டுக் கூடவே குளிக்கிறது. லூனாஸில் உன் பெரியம்மா பேத்தியின் காதுகுத்துக்குப் போனோம், பிள்ளை அழுவதற்கு முன்னால் போன் அழுதது, உன் அம்மா இலையைப் பாதியில் விட்டு எழுந்தார். மாரியம்மன் கோயிலில் தீபாராதனை நேரத்தில் டிங் என்றது, ஐயர் மணியைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தார், நான் அம்மனே ஆர்டர் கொடுத்துவிட்டாள் என்று சொல்லிச் சமாளித்தேன். கூலிம் ஹைடெக் பூங்காத் தொழிற்சாலையில் இத்தனை வருடம் மணி அடித்தால்தான் எழுந்து போகலாம், மணி அடித்தால் திரும்பி வந்துவிட வேண்டும் என்று இருந்தவர் அவர். ஓய்வு பெற்றால் மணி விட்டுப் போகும் என்று நினைத்தாராம், அது இடுப்பிலேயே வந்து உட்கார்ந்துகொண்டதே என்று சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கத்தான் செய்கிறார், ஆனால் வாசலைத் தாண்டுவதில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும், நான் நன்றி கெட்டவன் இல்லை. சுங்கைப் பட்டாணியிலிருந்தும் லூனாஸிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் எல்லாம் கல்யாணத்துக்குக் கூடாரம் கேட்கிறார்கள், நாற்காலி காணாமல் போவது நின்றது, முன்பு ஒவ்வொரு விசேஷத்திலும் பத்து நாற்காலி சிறகு முளைத்துப் பறந்துபோகும், இப்போது நாற்காலியிலும் கூடாரத்திலும் நீ ஒட்டச் சொன்ன மின்னணு வில்லையால் எது எந்த வீட்டில் ஒளிந்திருக்கிறது என்று போன் வரைபடத்தில் தெரிகிறது. என் கழுத்தைப் பிடித்தது அந்தப் பூட்டு. சாமான் அறைக்குப் பினாங்கிலிருந்து ஆட்கள் வந்து மின்சாரப் பூட்டு வைத்தார்கள் அல்லவா, செயலியில் ஒரு முன்பதிவு இருந்தால்தான் கதவு திறக்கும், வேலை முடிந்தது என்று அமுக்கினால் தானே பூட்டிக்கொள்ளும், எது வெளியே போனாலும் கணக்கில் ஏறும், உன் ஆய்வுக்கு அதுதான் உயிர் என்று சொன்னாய். உள்ளேயிருந்து திறக்க ஒரு பொத்தானும் வைத்தார்கள். அந்தக் கம்பியை எலி கடித்துவிட்டது. புகார் கொடுக்க வேண்டுமானால் பழுதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம், கம்பி அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது, எலியோ படத்துக்கு நிற்க மறுத்துவிட்டது.

இனி நடந்தது. ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. முதல் நாள் கல்யாணத்துக்குப் போன சாமான்களை நானும் லோரிக்காரன் விக்னேஸ்வரனும் இறக்கினோம், அவன் வெளியே லோரியைக் கழுவிக்கொண்டிருந்தான், நான் உள்ளே கூடாரத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உன் அம்மா ஓடி வந்தார். பஸ் சுப்பிரமணியம் அண்ணன் ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார், மதியத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள் என்றார். தோட்டத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு உங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனவர், இன்ஜின் பெட்டி மேல் உன்னை உட்கார வைத்து ராணியம்மா ஏறியாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் பஸ்ஸை எடுப்பார். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். சாவு வீட்டில் யாரும் கூடாரம் கேட்டு ஆள் அனுப்ப மாட்டார்கள், நாமும் வேண்டுமா என்று கேட்க மாட்டோம். செய்தி காதில் விழுந்தால் கூடாரம் போக வேண்டும், உடம்பு வந்து இறங்கும்போது நிழல் நின்றுகொண்டிருக்க வேண்டும், மற்றதெல்லாம் காரியம் முடிந்த பிறகுதான். நான் பெரிய வெள்ளைக் கூடாரத்தின் கால்களை எடுத்துக் கட்டினேன். அந்த நேரம் பார்த்துப் போன் டிங் என்றது, நேற்றைய வேலை முடிந்ததா என்று கேட்டது, கை பழகிப்போன உன் அம்மா முடிந்தது என்று அமுக்கிவிட்டார். கதவு கிர்ரென்று வந்து சாத்திக்கொண்டது. உள்ளே நான், என்னோடு ஒரு ராஜ்யத்துக்குப் போதுமான நாற்காலி. உட்காரத்தான் மனமில்லை.

தகரக் கூரை, ஆவணி வெயில், இட்லிப் பானைக்குள் வைத்ததுபோல் வெந்தேன். வெளியேயிருந்து உன் அம்மா, "தம்பி, உள்ளயா இருக்கீங்க?" என்று கேட்டார். "வேற எங்க அண்ணி போறது, இங்கேதான்" என்றேன். புதிதாக ஒரு முன்பதிவு போட்டால் கதவு திறக்கும். திருமணம், பிறந்தநாள், கோயில், இறப்பு என்று நாலு கட்டம் இருக்கிறதல்லவா, இறப்பைத் தொட்டால் அந்த வீட்டாரின் போனுக்கு ஓர் எண் போகும், அவர்கள் அதை வாசித்துச் சொல்ல வேண்டும். துக்க வீட்டை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று நல்ல மனதோடு நீயே வைத்த விதி அது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் அப்பன் உடம்புக்குப் பக்கத்தில் நிற்கிற ஜெயகுமாரைக் கூப்பிட்டு, தம்பி உனக்கு ஓர் எண் வந்திருக்கும் பார் என்று எந்த வாயால் கேட்பது? அண்ணி மாட்டேன் என்றுவிட்டார். சரி, நம் வீட்டு எண்ணையே கொடுத்து, இறந்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போடுங்கள், கதவு திறந்ததும் நான் உயிர்த்தெழுந்து வருகிறேன் என்றேன். வாயைக் கழுவுங்கள் என்று திட்டினார், வெள்ளிக்கிழமை அதுவுமாக. விக்னேஸ்வரன் இரும்புத் தடியைக் கொண்டுவந்தான், உடை என்றேன் நான். உன் அம்மா கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "புள்ள வச்ச பூட்டுலா. ஒடச்சி, அங்க அவ வேலைக்கு ஒன்னு ஆச்சின்னா?" கதவுக்கு உள்ளே நான், வெளியே அவர், உனக்காக இரண்டு பேரும் அந்தப் பூட்டைக் காத்துக்கொண்டிருந்தோம், வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வழியில் எங்கோ சுப்பிரமணியம் அண்ணன் வந்துகொண்டிருந்தார்.

கடைசியில் அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். தை மாதம் ஜெயகுமார் கல்யாணத்துக்கு நம் கூடாரம்தானே போனது, அதே விலாசம், பழைய வாடிக்கையாளர், திருமணக் கட்டத்தைத் தொட்டால் எண்ணும் கேட்காது ஒன்றும் கேட்காது. இழவு என்று எழுத வேண்டியதும் இல்லை, மங்களமாகவே இருக்கட்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். அமுக்கினார். கதவு திறந்தது. நான் வேர்வையில் மிதந்து வெளியே வந்தேன், லோரி பறந்தது, விக்னேஸ்வரன் அன்று ஓட்டிய ஓட்டத்தில் எண்ணெய்ப்பனை மரங்கள் எல்லாம் ஒதுங்கி வழி விட்டன. உடம்பு வந்து இறங்கியபோது நிழல் நின்றது காஞ்சனா. அதில் குறை இல்லை. புருஷனைப் பறிகொடுத்த காளியம்மா அக்கா அந்த நிழலில் உட்கார்ந்துதான் அழுதார்.

பிறகுதான் செயலியிலிருந்து ஒரு செய்தி போனது. பழைய வாடிக்கையாளரின் எண் அதுவே போட்டுக்கொண்டதல்லவா, ஜெயகுமாரின் போனுக்கு, மாலை போட்ட மணமக்கள் படம், தங்கள் இல்லத்து மங்கள நிகழ்ச்சிக்கு மனமார்ந்த வாழ்த்துகள் என்ற எழுத்து, கூடவே கெட்டிமேளம். உடம்பைச் சுற்றிப் பெண்கள் அழுகிற இடத்தில் நாதஸ்வரம் வாசித்தது. அவன் நிறுத்தத் தெரியாமல் தட்டினான், அது இன்னும் சத்தமாக வாசித்தது. அழுகை நின்றுபோயிற்று. அவன் என்னிடம் வந்தான், சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "மாமா, எங்கப்பாவுக்குக் கல்யாணம்னு யாரு சொன்னா?" என்று கேட்டான். நான் பூட்டையும் எலியையும் சொன்னேன், சிஸ்டம் தானாக அனுப்புவதுப்பா, அதற்குத் தெரியாது என்றேன். "சிஸ்டத்துக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்லா" என்றான். நான் போய், இறுக்கமாகவே இருந்த கூடாரக் கயிற்றை இன்னொரு தரம் இழுத்துக் கட்டினேன்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் யாரிடமும் போய் வருகிறேன் என்று சொல்வதில்லை, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவோம், அந்த வாசலுக்கு அப்படி ஒரு காரியத்துக்கு மறுபடியும் வரக் கூடாது என்பதால். நானும் அப்படித்தான் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு பேசாமல் வந்தேன். நான் சொல்லாததைச் சாயங்காலம் போன் சொல்லிவிட்டது. எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி, விரைவில் மீண்டும் உங்கள் இல்லத்தில் சந்திப்போம், எத்தனை நட்சத்திரம் தருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறது. காளியம்மா அக்கா மருமகளிடம் கொடுத்து அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். வாசலில் மஞ்சள் கூடாரம் நின்றது. நம்முடையது இல்லை, சுங்கைப் பட்டாணிக்காரன் ஒருவனுடையது. உன் சித்தப்பா, இந்த வட்டாரத்தில் மழையே என்னைக் கேட்டுவிட்டுத்தான் பெய்யும் என்று பீற்றிக்கொள்கிறவன், வேறொருவன் கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டேன். மூலைக் கயிற்றைத் தளர்வாகக் கட்டியிருந்தான், காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது, எழுந்து போய் இழுத்துக் கட்டக் கை துடித்தது, கட்டுகிற உரிமை எனக்கு அங்கே இல்லை. காளியம்மா அக்காவே வந்து பாயசம் ஊற்றினார். "கூடாரம் கேக்காம வந்திச்சி பழனி, அத மறக்க மாட்டேன். ஆனா அப்புறம் வந்ததும் மறக்க மாட்டேங்குதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இப்போது பாசாரில் பார்த்தால் சிரிக்கிறார்கள், நலம் கேட்கிறார்கள், அதற்கு மேல் பேச்சு நீளுவதில்லை. போன வாரம் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இன்னொரு சாவு. நான் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு போவதற்குள் அங்கே மஞ்சள் நின்றது.

இவ்வளவும் நடந்த பிறகுதான் நீ போன் செய்தாய். ஆவணிக் கோடு மலை மாதிரி ஏறியிருக்கிறது சித்தப்பா என்றாய். ஒரு குடும்பம் ஒரே வருடத்தில் இரண்டு கல்யாணத்துக்கு நம்மையே அழைத்திருக்கிறது, திரும்ப வரும் வாடிக்கையாளர் என்றால் இதுதான், பேராசிரியரே கேட்டு வியந்தார், கட்டுரையில் அந்த வீட்டைத்தான் எடுத்துக்காட்டாக வைக்கப் போகிறேன் என்றாய். உன் அம்மா பக்கத்தில் நின்று சொல்லாதீர்கள் என்று கையை ஆட்டினார். இத்தனை நாள் கழித்து உன் குரலில் ஒரு சிரிப்பு கேட்டது, அதைக் கெடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. ஆனால் நீ அதை அச்சில் போடுவதற்குள் தெரிந்தாக வேண்டும். அந்த இரண்டாவது கல்யாணம் சுப்பிரமணியம் அண்ணனின் சாவு. அவர் போனார் என்று நாங்கள் சொன்னபோது நீ அழுதாயே, அதுவும் அவருக்காகத்தான். கோடு ஏறியது என்று நீ சிரித்தாயே, அதுவும் அவரால்தான். திரும்ப வந்த வாடிக்கையாளர் என்று நீ எழுதி வைத்திருக்கிற அந்த வீடு இனி நம்மைக் கூப்பிடாது.

உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. நீ வைத்த ஒவ்வொரு விதியும் நல்லதற்குத்தான், தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதிலும் பிழை கிடையாது, எல்லாம் சேர்ந்து அன்றைக்கு ஒரு கதவாக வந்து நின்றது. ஒப்பந்தத்தில் எல்லா வேலையும் செயலி வழியாகவே என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டால் இனி ஒவ்வொரு சாவுக்கும் நான் உள்ளே மாட்டிக்கொள்வேன். போடாவிட்டால் நீ அங்கே மாட்டிக்கொள்வாய், உன் அம்மா வாசலில் குறுக்கே நின்றுகொண்டே இருப்பார். பல நாள் யோசித்தேன், யோசித்த வேகத்தில் மிச்சமிருந்த முடியும் கொட்டிவிட்டது. கடைசியில் நேற்று விளக்கு வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தாள் இந்த உறைக்குள்தான் இருக்கிறது. கையெழுத்துக்கு மேலே என் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், தமிழில்தான், உன் பேராசிரியருக்கு நீதான் சொல்ல வேண்டும்: இழவு வீட்டுக்குப் போகும் கூடாரம் இந்த ஒப்பந்தத்தில் சேராது. அந்தப் பெரிய வெள்ளைக் கூடாரத்தைச் சாமான் அறையிலிருந்து எடுத்து என் வீட்டுக் கார் கொட்டகையில் வைத்துவிட்டேன், அதில் ஒட்டிய வில்லைகளை எல்லாம் பிய்த்து உன் இன்னொரு காலுறைக்குள் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளியிருக்கிறேன், உன் படத்தில் பார்த்தால் என் கட்டிலுக்கடியில் ஒரு கல்யாணம் நடப்பதுபோல் தெரியும், பயப்படாதே. அந்த வரியோடு தாள் செல்லுமென்றால் மீதியெல்லாம் உன்னுடையது, என் இருமலையும் சேர்த்து எண்ணிக்கொள்ளட்டும். அதை அடித்துவிட்டால்தான் செல்லும் என்று அவர்கள் சொன்னால், அடிக்கிற கோட்டை என் கையெழுத்து வரைக்கும் இழுத்துவிடு. வேலை போய்விடும் என்று நீ பயப்படுவாய். எனக்கும் அந்தப் பயம்தான், இரவில் உன் அம்மா சாமியறையில் உட்கார்ந்திருப்பதும் அதற்காகத்தான். சமையலறைக்குப் பின்னால் உன் அறை அப்படியே இருக்கிறது, நாற்காலிகளை அங்கே அடுக்கவில்லை, அதை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

கட்டுரையில் அந்த வீட்டை எடுத்துவிடு. எடுக்க முடியாதென்றால் நடந்தது இன்னது என்று எழுது, கோடு கொஞ்சம் இறங்கினால் இறங்கட்டும். ஜெயகுமாருக்கு நீயே ஒரு தரம் கூப்பிட்டுப் பேசு, என்ன பேசுவதென்று நான் சொல்லித்தர மாட்டேன், ராணியம்மா என்று சொன்னாலே போதும், அவனுக்குப் புரியும். குளிரில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரியாதே. வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியைச் சாப்பாடு என்று என்னிடம் கணக்குக் காட்டாதே. உன் அம்மா ஏதோ எழுத வேண்டும் என்று பேனாவை வாங்கினார், அதற்குள் டிங் என்றது, போய்விட்டார், அவருக்காக இந்த இடத்தைக் கொஞ்சம் விட்டு வைக்கிறேன், அவர் என்ன எழுதியிருப்பார் என்று உனக்கே தெரியும்.

 

மாரியம்மன் துணையிருப்பாள், உன் அப்பாவும் கூடவே நிற்பார், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், எந்தக் கதவுக்குள் போனாலும் அது உன் கைக்குத் திறக்கட்டும். இது சாவு வீடு இல்லை, அதனால் திரும்பிப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லியே முடிக்கிறேன்: போய் வருகிறேன் மகளே. நீயும் வா.

இப்படிக்கு,
கட்டிலுக்கடியில் கல்யாணம் நடத்தும் உன் சித்தப்பா,
பழனியாண்டி